இடப்பக்க இருக்கை

நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று
இரண்டு முறை போனில் சொல்லியிருந்தேன்.
பானெட்டில் கை வைத்தேன். இளஞ்சூடு.
"வெயில் மேடம்" என்றார் மதலைமுத்து.
காலை ஏழரை, ஏற்காடு.
எதிரில் சில்வர் ஓக் மரமே
பனியில் பாதிதான் இருந்தது.

நோட்டில் எழுதினேன்:
ஒன்று. குளிரில் கிளம்பத் தயங்கும்.
(ஆளும் தயங்குவார். பொய் பழக்கமில்லை.)

இருபத்திரண்டு வருடமாக உருக்காலையில்
தகட்டுச் சுருள்களைத் திருப்பி அனுப்புகிற வேலை எனக்கு.
கீறல், குமிழி, ஓரத்தில் மயிரிழை வெடிப்பு.
கைப்பையில் எப்போதும் ஒரு காந்தம்.
மட்கார்டில் வைத்தேன், விழுந்தது.
கதவில் வைத்தேன், விழுந்தது.
"ஃபைபர் உடம்பு" என்றார்
குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.
தெரியும். தெரிந்தும் வைத்துப் பார்ப்பேன்.
எங்கள் எவர்சில்வரிலும்தான் ஒட்டாது.

துரு கீழே இருக்கும்.
காப்பிச் சாக்கை விரித்து மல்லாந்து படுத்தேன்.
சேஸிஸில் ஸ்பேனரால் தட்டினால்
டங், டங், டங்,
பின்சக்கரத்தருகே மட்டும் டப்.
அந்த டப்புக்கு முப்பதாயிரம் குறைக்கலாம்.
முதுகில் ஈரம் ஏறியது.
அக்கா பார்த்தால் கேட்பாள்:
இந்த வயசுல, ரெண்டே பேர் உட்கார்ற வண்டி,
அதுல ரெண்டாவது யாருடி?

மீட்டர் நாற்பத்தோராயிரம் என்கிறது.
மொட்டையாகிப்போன கிளட்ச் பெடல் ரப்பர்
வேறு கணக்குச் சொல்கிறது.
ஆயில் மூடிக்கு அடியில்
பால்காப்பி நிறம் இல்லை. நல்லது.
கான்வாஸ் கூரையை இழுத்தபோது
பழைய குடை வாசனையோடு
ஒரு பல்லி இறங்கிப் போனது.

"ஓட்டிப் பார்க்கலாமா?"
சாவியைக் கொடுத்துவிட்டு
வழக்கம்போல வலப்பக்கக் கதவுக்கு வந்தார்.
நான் அங்கே நின்றிருந்தேன்.
சிரித்துக்கொண்டே சுற்றிப் போனார்.

இடப்பக்க இருக்கை முன்னால் முட்டி நின்றது.
நெம்புகோலை இழுத்தார், அசையவில்லை.
ஆறடி மனிதர். முழங்கால் இரண்டும் தாடையருகே.
"பரவால்ல, போங்க."

இருபதாவது வளைவு. பத்தொன்பது.
இரண்டாம் கியருக்கு இறக்கும்போது ஒரு பல்கடிப்பு.
பிரேக் பிடித்தால் மூக்கு லேசாக இடப்பக்கம்,
பள்ளத்தை எட்டிப் பார்க்க ஆசைப்படுவதுபோல.
பதினாறில் ஒரு குரங்குக் குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது,
பஸ்ஸுக்கும் கிடைக்காத மரியாதை.
பதினாலில் அவர் சொன்னார்:
"பதினெட்டு வருஷமா இறங்கறேன்.
இந்தப் பக்கத்துலேருந்து இவ்ளோ தெரியும்னு தெரியாது."
கீழே சேலம். மலையடியில்
வெட்டிவைத்த வெள்ளைக்கல் மேடுகள்,
சுண்ணாம்பு பூசி விட்டுப்போன சுவர் மாதிரி.

பதிமூன்றில் ஓரங்கட்டினேன்.
இருக்கை நகராத வண்டிக்கு நான் விலை பேசுவதில்லை.
மண்டியிட்டு டார்ச் அடித்தேன்.
தண்டவாளத்தில் துரு இல்லை.
பல்லிடுக்கில் என்னவோ இருந்தது.
காந்தத்தை விட்டேன், வரவில்லை.
தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி நெம்பினேன்.
உருண்டு வந்தது
கொலுசு முத்து ஒன்று, மிளகளவு.
செவ்வாப்பேட்டை வேலை. வெள்ளிதான், கறுத்திருந்தது.

அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
ஒரு பஸ் ஏறிப் போனது. பின்னாலேயே இன்னொன்று.
யாருடையது என்பது
என் பட்டியலில் இல்லாத கேள்வி.
சட்டைப் பையில் போட்டார், எடுத்தார்,
பர்ஸின் சில்லறை அறையில் போட்டுப்
பொத்தானை அழுத்தினார். இரண்டு முறை.

"பின்சக்கரத்துப் பக்கம் துரு இருக்கு" என்றார் திடீரென்று.
"காலைல ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிட்டேன்."
தெரியும் என்றேன்.

நெம்புகோலை இழுத்தார்.
இருக்கை சரேலென்று கடைசிவரை பின்னால் போனது.
காலை நீட்டினார்.
பிறகு எதற்கோ
கொஞ்சம் மடக்கிக்கொண்டார்.

பேனாவைத் திறந்தேன்.
முப்பத்தொன்று. இடப்பக்க இருக்கை: நகர்கிறது.
அடுத்த வளைவில் பிரேக்கை
இன்னொரு முறை பார்க்க வேண்டும்.