சுங்கத்தில் சொல்லாதது

விதை உண்டா, செடி உண்டா, மண் உண்டா
என்று கேட்டது விமான நிலையத்துத் தாள்.
மூன்றுக்கும் இல்லை என்று குறித்தேன்.
பொய்யில்லை. அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் ஆயர் ஈத்தாம் சந்தையில்
கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவி
பலாவைப் பிளந்துகொண்டிருந்தார் ஆ ஹெங்.
"லாமா தா நம்பாக்!"
எட்டு வருடத்துக்கும் சேர்த்து
காசு வாங்காமல் ஒரு சுளை நீட்டினார்.

இரண்டாம் கடியில்
உதட்டோரம் ஓர் எறும்பு ஊர்ந்தது.
துடைத்தேன். எறும்பில்லை.
மேலண்ணம் முழுக்கக் கால்கள்.
காதுக்குள்ளே
விரல் எட்டாத ஆழத்தில் அரிப்பு.
நாக்கைப் பல்லால் சொறிந்துகொண்டே
"செடாப், செடாப்" என்று தலையாட்டினேன்.

நாத்தனார் சுகிர்தா
உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.
நெடியில் வீடே தும்மியது.
யாருடைய கண் என்று தெரியவில்லை.

டாக்டர் ரொஸ்னானி பலாவை விசாரிக்கவில்லை.
"அங்கே வசந்த காலத்தில் தும்மினீர்களா?"

தும்மினேன்.
தம்பெரேயில், மே மாதம்,
ஆய்வகச் சன்னலுக்கு வெளியே
வெள்ளைத் தோல் உரியும் பிர்ச் மரங்கள்.
கார்மேல் மஞ்சள் தூள். காய்ந்த துணிமேல்.
ஏரிக்கரையில்
யாரோ சந்தனம் கரைத்துவிட்டதுபோல்.
முதல் இரண்டு வருடம் படம் எடுத்து அனுப்பினேன்.
மூன்றாம் வருடம்
கைக்குட்டை வாங்கினேன், டசன் கணக்கில்.

அந்தத் தூளிலும் இந்தச் சுளையிலும்
சாடை ஒத்த ஒரு புரதமாம்.
பர்ஸைப் பறிகொடுத்தவன்
அதே நிறச் சட்டைக்காரனைத் தெருவில் பிடித்து உலுக்குவதுபோல்
உடம்பு ஆள் மாற்றிப் பிடிக்கிறது.
"வேகவைத்தால் சாடை கலைந்துவிடும், பெரும்பாலும்.
கொஞ்சமாகத் தொடங்குங்கள்.
தொண்டை இறுகினால் யோசிக்காதீர்கள், ஓடி வாருங்கள்."

இந்தத் தீவில் நான் ஒரு பிர்ச்கூடப் பார்த்ததில்லை.
என் வாய்க்குள் மட்டும்
வருடம் பூராவும் மே மாதம்.

சனிக்கிழமை
ஆ ஹெங் மறுபடியும் சுளை நீட்டினார்.
மென்று நடிக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்,
பாதி மலாய், பாதி கையசைவு.
எட்டிப்பார்த்து எதிர்க்கடையைக் காட்டினார்:
"எனக்கு இறால் ஆகாது.
அது என் அண்ணன் கடை.
நாற்பது வருடமாக
தினமும் ஒரு கிலோ கொடுத்துப் பார்க்கிறான்."

சிரித்துக்கொண்டே
வாளியில் கிடந்த கொட்டைகளை
இரு கையாலும் அள்ளிப் பையில் போட்டார்.
"ரெபுஸ்," என்றார். அவித்துத் தின்.

அடுப்பில் மூடி தடதடக்கிறது.
இன்னும் பத்து நிமிடம் என்கிறாள் சுகிர்தா.
இருபது இருக்கட்டும் என்கிறேன்.