குறைந்த அளவு

பகலில் மாம்பழக் கூழின் இனிப்பை அளக்கிறேன்,
பர்கூர் சாலைத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில்.
ஒரு துளி வைத்து, வெளிச்சத்தில் பிடித்து,
எண்ணைப் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட்டு.
இரவில் மருந்து அளக்கிறேன்.

மருந்து என்றதும் மாமியாரின் சர்க்கரைக்கு என்று
நினைத்துக்கொண்டாள் கீழ்வீட்டு மைமூன்.
நானும் திருத்தவில்லை.

உரிமத்தில் இருப்பது என் பெயர்: கோ. நாகரத்தினா.
கலெக்டர் ஆபீஸில் மூன்று முறை கேட்டார்கள்
'வீட்டுக்காரர் பேர்லதானே எழுதணும்?'
வீட்டுக்காரர் திம்மராயன்
ஊசிப்பட்டாசுக்கே காதைப் பொத்துகிறவர்.

கையேட்டின் முதல் பக்கம் சொன்னது:
உச்ச அளவில் தொடங்காதே,
கீழிருந்து ஏறு.
கிருஷ்ணகிரிக்காரிக்கு இதைச் சொல்ல வேண்டுமா?
கோட்டை மலையில் ஓடி ஏறியவர்கள்
பாதிப் படியில் உட்கார்ந்து
தண்ணீர் கேட்பதைப் பார்த்திருக்கிறேனே.

மே மாதம். மின்விசிறியை நிறுத்தினால்தான்
தராசின் முள் அடங்கும்.
முதுகில் வியர்வை இறங்குகிறது.
நான் சுட்டு, நானே பொறுக்கி, நானே கழுவிய
பித்தளைக் கூடுகள் வாய் திறந்து நிற்கின்றன
கூட்டில் பசித்த குஞ்சுகள் போல.
ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு. ஒருமுறை.
ஒரேயொரு முறை.

எட்டாவதில் போன் அடித்தது.
காவேரிப்பட்டணத்துத் தங்கை.
கிணற்றுப் பங்கில் மச்சினன் செய்த அநியாயம்.
'ம்' என்றேன். 'அப்படியா' என்றேன்.
கை தன்பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது,
அல்லது
செய்வதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை. கைவிட்ட கிரானைட் குழிக்குப் பின்னால்
கிளப்பின் மண்மேடு.
முதல் ஏழும் மென்மையாய் வெடித்தன.
கூடுகள் தூரம் போகாமல்
செருப்பருகே சோம்பலாய் விழுந்தன.
நோட்டில் எழுதினேன்: பதறாமல் ஏறலாம்.

எட்டாவது,
'பொக்.'

கொட்டாவி போல ஒரு சத்தம்.
கையில் உதைப்பு இல்லை. அட்டையில் ஓட்டை இல்லை.
பக்கத்துத் தடத்தில் குவாரிக்காரர் மகன் ஹரீஷ் சிரித்தான்:
'நமுத்துப்போச்சு மேடம். இன்னொண்ணு அடிங்க,
அதையும் தள்ளிக்கிட்டுப் போயிடும்.'

என் விரல் அடுத்ததற்குப்
பாதி வழி போயிருந்தது.

விரலை எடுத்தேன்.

அவ்வளவுதான். இந்தக் கவிதையில் நடந்தது அதுதான்.
மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்.

முனையை மேட்டை நோக்கியே பிடித்துக் காத்திருந்து,
எல்லாவற்றையும் கழற்றி,
குழலில் மெல்லிய மரக்குச்சியை விட்டபோது
பாதியில் நின்றது.
ஈயம் அங்கேதான் இருந்தது,
தொண்டையில் சிக்கிய சொல் போல.
அதன் முதுகில் இன்னொன்று வந்து மோதியிருந்தால்
இந்தக் கை
நாளை எந்தக் கூழுக்குக் கையெழுத்துப் போடும்?
ஹரீஷ் எட்டிப் பார்த்தான்.
பிறகு அவன் எதுவும் சொல்லவில்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.
அளவுக்குக் குறைந்தால்?
அதற்கு ஒரு பழமொழி
நம் ஊரில் யாரும் செய்து வைக்கவில்லை.

மீதி முப்பத்திரண்டையும் அன்றிரவே பிரித்தேன்.
நோட்டில் எட்டாம் எண்ணுக்கு எதிரே:
'தங்கைக்குப் பதில் சொன்னேன்.
மருந்து போடவில்லை.'

ஞாயிறு.
போன் பிரிட்ஜுக்குள், கொத்தமல்லிக்குப் பக்கத்தில்.
விசிறியை அணைத்துவிட்டுத் திம்மராயன்
டார்ச்சோடு வந்து நின்றார்.
மூடும் முன் ஒவ்வொரு வாயிலும் வெளிச்சம் அடித்து
'இருக்கு... இருக்கு... இருக்கு...'
பன்னிரண்டாவதில் வெளிச்சம் நின்றது.
'இது கொஞ்சம் தூக்கலா தெரியலையா?'

கொட்டினேன். நிறுத்தேன்.
சரியாகத்தான் இருந்தது.

முள் அசைவது நிற்கும்வரை காத்திருந்து
மறுபடியும் நிறுத்தேன்.