மூன்று புள்ளி

சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும்
ருகையா நோட்டை என் பக்கம் நகர்த்துவாள்.
பெயரும் தேதியும் எழுத வேண்டும், அவ்வளவுதான்.
லத்தீஃப் என்று எழுதுவேன்.
அவள் பார்ப்பது ஆய்தத்தை மட்டும்.
மூன்று புள்ளியும் அடுப்புக்கல் போல
உட்கார்ந்திருந்தால் தேத்தண்ணி வரும்.
சாய்ந்திருந்தால்
முதலில் பாகு மருந்து.

கல்யாண வீட்டுச் சர்பத்தைவிட இனிப்பு அது.
குடித்த முக்கால் மணியில் ஆளைத் துரத்தும்.
லெபு சூலியாவிலிருந்து கொம்தார் வரை
எந்தக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை,
எதில் இருபது சென் கேட்பார்கள்
என்று கேளுங்கள், சொல்கிறேன்.

உள்ளங்கை அரித்தால் பணம் வரும் என்பார்கள்.
முப்பது வருடம் பணமாற்றுக் கடை வைத்தவனுக்கு
இப்போதுதான் அரிக்கிறது,
இரவு இரண்டு மணிக்கு,
நகம் எட்டாத ஆழத்தில்.
உள்ளங்காலும்.
பயணம் இருக்கிறது என்று அர்த்தமாம்.
இருக்கிறது:
ஜெலுத்தோங் வீடு, பெரிய ஆஸ்பத்திரி,
மறுபடி ஜெலுத்தோங் வீடு.

மூன்று வாரத்துக்கொரு முறை வயிறு நிரம்பும்.
கைலி முடிச்சு முதலில் சொல்லும்,
எடைக்கருவி அப்புறம்தான்.
பகல் வார்டில் மிஸ்ஸி ஹுய் லிங்
ஊசியைச் செருகிக் குழாயைப் போத்தலில் விடுவாள்.
பால் விடாத தேத்தண்ணியின் நிறம்.
"ஆறு லிட்டர், அங்கிள்" என்பாள்,
பிள்ளை பெற்றவளிடம் எடை சொல்வது போல.
லேசாக எழுந்து நடப்பேன்,
எதையோ அங்கே மறந்து வைத்துவிட்டவன் மாதிரி.
மூன்று வாரத்தில்
அது வீடு விசாரித்து வந்துவிடும்.

குடிப்பீர்களா என்று ஐந்து டாக்டர்கள் கேட்டார்கள்.
குடிப்பான் என்று முடிவு செய்தவர்கள் கேட்கவில்லை,
பள்ளிவாசலில் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.
பிறக்கும்போதே உம்மாவிடமிருந்து வந்த கிருமி
என்று ஒவ்வொருவரிடமும் சொன்னால்
உம்மாவைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.
சொல்லவில்லை.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம்.
பொய்.
எனக்குப் பத்து ரிங்கிட் சிவப்பு, நூறு ஊதா.
மஞ்சள் பார்ப்பவர்கள்
எதிரில் நிற்பவர்கள்தான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம்
ஒரு வெள்ளைக்காரப் பெண் ரிங்கிட் கேட்டு நிற்க
தாய்லாந்து பாத்தை எண்ணி வைத்தேனாம்.
கட்டு தீர்ந்த பிறகும்
வெறும் விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தனவாம்.
அக்கா மகன் ரியாஸ் சொன்னான்,
சிரிப்பதா கூடாதா என்று தெரியாத முகத்தோடு.
வார்டில் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்கள்,
வண்டியை மறிக்கும் போலீஸ்காரன் போல.
நிற்கவில்லை.
துறைமுகக் காக்கை போல அடித்துக்கொண்டது.
பித்தம் தலைக்கேறிவிட்டது என்று
நம்மவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டியதில்
ஒரு மருத்துவம் இருந்திருக்கிறது.

அந்த வாரத்துப் பக்கங்களை
அவள் கிழித்திருப்பாள் என்று நினைத்தேன்.
நேற்றுப் புரட்டினேன். இருக்கின்றன.
திங்கள், பெயர் கோட்டைவிட்டு இறங்குகிறது.
செவ்வாய், பாதிப் பெயர்.
புதன், எழுத்தே இல்லை.
ஆய்தம் மட்டும்
தாளின் மூலையில் ஒதுங்கியிருக்கிறது,
மழைக்கு நிற்பவர்கள் மாதிரி
மூன்று புள்ளி.
பக்கத்தில் மாத்திரை நேரம் அவள் கையெழுத்தில்:
எட்டு, இரண்டு, எட்டு.
அந்த எண்களும் நடுங்கியிருந்தன.
அவளுக்கு ஈரல் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று எழுதி முடித்ததும்
பேனாவை அவளிடம் நீட்டினேன்.
நீ எழுது.
நான் எதற்கு?
எழுது.
யோசித்தாள்.
பாகு மருந்து இரண்டு போத்தல்,
உப்பில்லாத ரொட்டி,
குளியலறைக்கு ஒரு பல்பு
என்று எழுதினாள்.
நோட்டை மூடப் போனவள் நிறுத்தி,
என் பெயரில் விலகி நின்ற
மேல் புள்ளியைப்
பேனா முனையால் தொட்டு
நடுவுக்குக் கொண்டுவந்தாள்.