மற்றும் பலர்

அஸ்தம்பட்டியில் மழை.
ஜெராக்ஸ் கடை சபுரா
என் இருபத்தாறு வருஷத்தைத் தட்டச்சு செய்கிறாள்.
கௌரவப் பேராசிரியர் பதவிக்கான படிவம், ஒன்பதாவது கட்டம்:
வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள்,
இதழ், ஆண்டு, பக்க எண்,
ஆசிரியர் வரிசையில் உங்கள் இடம்.

மூன்றாவது, என்கிறேன்.
அடுத்ததும் மூன்றாவது.
அதற்கடுத்ததில் கடைசிக்கு முந்தையது.
"எல்லாத்துலயும் 'மற்றும் பலர்'னு வருது மேடம்,
ஒரு தடவை அடிச்சு ஒட்டிடட்டுமா?"
ஒட்டு.

முதல் பெயராக நான் இருப்பது நான்கில்தான்.
அதில் ஒன்று நடைவேகம்.
ஏற்காடு மலையில்
ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துபோகிற
அறுபது கடந்தவர்கள்
நான்கு மீட்டர் சமதரையில் நடக்க எத்தனை நொடி.
மதிப்பாய்வாளர் ஒருவர் கேட்டிருந்தார்:
எல்லா ஊரிலும் ஒரே மாதத்தில் ஏன் நடத்தவில்லை?
ஐயா,
அந்த ஊர்களில் நான்கு மீட்டர் சமதரை என்பது
காப்பி காயப்போடும் களம் ஒன்றுதான்.
ஜனவரியில் அதில் காப்பி காயும்.
இதையே எழுதினேன், கொஞ்சம் கௌரவமாக:
'நிலவமைப்பு சார்ந்த வரம்புகள்'.

பங்கேற்பாளர் இருநூற்றுப் பதினேழு, சீரங்காயி.
வயது கேட்டால்
"காப்பிச் செடி பூரா கருகுன வருஷம்
மூத்தவன் வயித்துல இருந்தான்,
நீயே ஒண்ணு போட்டுக்க" என்றாள்.
அறுபத்தெட்டு போட்டேன்.
அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில்:
வயது, சுயமாகக் கூறப்பட்டது.

நடங்க என்றதும்
"எங்க போவோணும்?"
அந்தக் கயிறு வரைக்கும்.
"அங்க என்ன இருக்குது?"
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாத இடத்துக்குப் போக
ஒன்பது நொடி எடுத்துக்கொண்டாள்.
மெதுநடை, அபாயம் அதிகம்.
மறுநாள் காலை, எங்கள் ஜீப் வளைவில் திணறும்போது
தலையில் விறகோடு குறுக்குப் பாதையில்
ஏறிப்போய்க்கொண்டிருந்தாள்.
அதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது.

மரியலூயிசைச் சொல்ல வேண்டும்.
கைப்பிடி இல்லாத மர நாற்காலி,
உயரம் நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்,
அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
அட்டை கடிக்கிற பாதைகளில்
முப்பத்தோரு ஊருக்குச் சுமந்தவர்.
நன்றி தெரிவிக்கும் பத்தியில்
அவர் பெயரில் இரண்டு எழுத்தை விட்டு அச்சிட்டார்கள்.
திருத்தம் கேட்டேன்.
திருத்தத்துக்குக் கட்டணம் உண்டு என்றார்கள்.
அதற்கு நான் பதில் போடவில்லை.

சிவதாபுரம் வெள்ளிப் பட்டறைகளில்
கைப்பிடியின் வலு அளந்தது ஒன்று உண்டு.
கருவியை நசுக்கச் சொன்னால்
திருப்பித் திருப்பிப் பார்த்து
இதில் எத்தனை கிராம் தேறும் என்றார்கள்.
நிராகரிக்கப்பட்டது, இரண்டு முறை.
நிராகரிக்கப்பட்டவற்றைப் படிவம் கேட்கவில்லை.

இரண்டாம் வருஷம் மலைக்குத் திரும்பியபோது
தொடர்பு விட்டுப்போனவர்கள் நாற்பத்தொருவர்.
சீரங்காயி அதில் உண்டு.
கொண்டலாம்பட்டிக்கு, மகனின் தறிக்குப் போய்விட்டாள் என்றார்கள்.
இல்லை, நாகலூர்ப் பக்கம் என்றார்கள்.
மார்ச் முப்பத்தொன்றோடு
ஜீப்பின் டீசல் கணக்கை மூடிவிட்டார்கள்.
நாற்பத்தொருவரையும் பகுப்பாய்விலிருந்து விலக்கினோம்.
முடிவுகள் மாறவில்லை என்று ஒரு வரி.
உண்மைதான். மாறவில்லை.

"இதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க மேடம்?"
பதினொன்று. அதில் நானே நான்கு.
சிரிக்கிறாள்,
சிரித்துக்கொண்டே பதினொன்று என்று அடிக்கிறாள்.
பிறந்த தேதிக்கு வந்ததும் விரல் நிற்கிறது.
வருகிற மாதம் அறுபது.
என் ஆய்வில் என்னைச் சேர்க்கலாம்.

மழை விட்டிருக்கிறது.
எதிரில் தட்டுவடைக்காரர்
தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிடுகிறார்.
எழுகிறேன்.
கடையின் பிளாஸ்டிக் நாற்காலிக்கு
இரண்டு பக்கமும் கைப்பிடி.
இரண்டையும் ஊன்றித்தான் எழுகிறேன்.
கை ஊன்றி எழுந்தால் நேரம் குறிக்க வேண்டாம்,
'இயலவில்லை' என்று எழுதவும்:
களப்பணியாளர் கையேடு, பக்கம் ஆறு,
எழுதியது நான்.

"ஒரு காப்பி போதுமா மேடம்?"
எதற்கும் இன்னொன்று எடு.