மடித்த ஈயம்

தொதோனாவில் கருவாலி மரம் பேசும் என்கிறார்கள்.
பதினோரு குளிர்காலமாக அதன் அடியில்தான் கிடக்கிறேன்.
இலை உதிர்வது தெரியும், புறா எச்சம் தெரியும்.
பேச்சு ஒருநாளும் காதில் விழுந்ததில்லை.

என் வேலை ஈயம்.
கேள்வியைக் கீறி மடித்துக் கொடுப்பார்கள்.
கழுவாத காலோடு தரையில் உறங்கும் பூசாரிகள்
பதிலை வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.
தகடு என் கூடைக்கு வரும்.
பிரித்து, தட்டி, எழுத்தைத் தேய்த்து
அடுத்தவருக்கு விற்கத் தர வேண்டும்.
படிக்காதே என்று யாரும் சொல்லவில்லை.
அடிமை படிப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

'தெய்வம். நல்லூழ்.'
எல்லாத் தகடும் இப்படித்தான் தொடங்கும்.
அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு
மீதி எழுத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அரசர்கள் போரைப் பற்றிக் கேட்க வேறு ஊருக்குப் போகிறார்கள்.
இங்கே,
கிணற்றில் செத்த பன்றியைப் போட்டது தோரியோனா?
இரண்டாம் மனைவிக்காவது பிள்ளை தங்குமா?
அம்ப்ராகியாவுக்குப் படகா, நடையா?
(கடல் பயம் என்று எழுதிவிட்டு
பயத்தை மட்டும் அடித்திருந்தான்.)

நேற்று வேரடியில் ஒரு பழைய பானை உடைந்தது.
உள்ளே, நத்தைபோல் சுருண்ட தகடு.
'தெய்வம். நல்லூழ். பொய்ஸ்கோஸ் கேட்கிறான்:
நொண்டி கெர்தோனை விற்பது நல்லதா,
இன்னும் ஓர் அறுவடைக்கு வைத்திருப்பதா?'

கெர்தோன் நான்தான்.
லாபம் என்று பொருள்படும் அந்தப் பேரை வைத்ததும் அவன்தான்.
நொண்டி என்று எழுதியவன்
கால் எப்படிப் போனது என்று எழுதவில்லை.
அவனுடைய செக்கு உருளை.
தெய்வத்துக்குத் தெரியாததா என்று விட்டிருப்பான்.

பின்புறம் திருப்பினேன். வெறும் ஈயம்.
மரம் சொன்னதா,
காற்றில் வெண்கல அண்டாக்கள் ஒன்றையொன்று இடித்துச் சொன்னதா,
தெரியவில்லை.
கோயிலுக்கு அந்த வருஷம்
கூலியில்லாத ஆள் ஒன்று தேவைப்பட்டது.
அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தொமாரோஸ் மலையிலிருந்து மழை இறங்குகிறது.
நனைந்த ஆட்டுத்தோலோடு ஒருத்தி வந்து நிற்கிறாள்.
ஃபிலிஸ்தாவாம். தெஸ்ப்ரோத்தியாவிலிருந்து மூன்று நாள் நடை.
சின்னத் தகடு போதும் என்கிறாள்,
கேள்வியும் சின்னதுதானாம்.

பொய்ஸ்கோஸை முதலில் தட்டினேன்.
அவன் சுலபமாகப் போய்விட்டான்.
அறுவடையும் போயிற்று.
என் பேர் இருந்த இடத்தில் மட்டும்
கை ஏனோ அழுத்தவில்லை.

"இதில் ஏதோ இருக்கிறதே" என்றாள்,
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து.
"ஒன்றுமில்லை, அம்மா.
மேலேயே எழுதிக்கொள்."