முதல் வசனம்

கொட்டடியில்
யசோமதி அக்காவின் நொத்தாரிசுக் கந்தோருக்குச்
சொல் விளக்கப் பட்டியல் ஒன்று செய்து கொடுத்தேன்.
முதுசொம், தேடியதேட்டம், தோம்பு, பரப்பு, ஒற்றி
என்று நூற்றுப் பதினாறு சொல்.
தேடுகிறவனுக்கு எல்லாவற்றுக்கும் மேலே
ஒரு பெட்டியில் எங்கள் விளக்கம் வரவேண்டும்.
அதுதான் ஒப்பந்தம்.

அவ எழுதித் தந்தது உறுதித் தமிழ்.
'இத்தால் சகலரும் அறியவேண்டியது யாதெனில்'
என்று தொடங்கி
மூன்றாம் பக்கத்தில்தான் மூச்சு வாங்கும்.
பெட்டிக்கு அவ்வளவு பொறுமையில்லை, அக்கா.
சொல், பிறகு 'என்பது',
பிறகு நாற்பது சொல்லுக்குள் விஷயம்.
மேற்படியை வெட்டினேன்.
மேற்சொன்னதை வெட்டினேன்.
வடக்கெல்லைப் பனைவரிசை வரைக்கும் வெட்டினேன்.
அவ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா,
ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து மாதம்
நாலாம் பக்கத்தில் கிடந்தோம்.
யாழ்ப்பாணத்து ஒற்றிக்கு மேலே
குடியிருக்க வீடு பிடிக்கும் சென்னைக்காரரின் ஒற்றி.
அதற்கும் மேலே
காயத்தை ஒற்றி எடுக்கிற பஞ்சு.

ஆடிச் செவ்வாய் ஒன்றில், பதினொரு மணிக்கு, வந்தது.
கட்டம் போட்டு, தடித்த எழுத்தில்:
'ஒற்றி என்பது, கொடுத்த கடனுக்கு வட்டியாகக்
காணியின் பலனைக் கடன் கொடுத்தவரே
எடுத்து அனுபவிப்பது...'
அக்கா ரோல்சும் பிளேன்ரீயும் வாங்கித் தந்தா.

மற்றநாள் மாதகலில் இருந்து சவரிமுத்தர் எடுத்தார்.
'தம்பி, கூகிளே சொல்லிப்போட்டுது.
எடுத்து அனுபவிக்கலாமாம்.
அப்ப அந்த நாலு பரப்பும் இனி என்ரைதானே?
மதில் கட்ட ஆள் பிடிச்சிட்டன்.'

மூன்று புள்ளி.
அதற்குப் பின்னால் கிடந்தது என் இரண்டாம் வசனம்:
காசு திரும்பினால் காணியும் திரும்பும்.
அந்த நாலு பரப்பின் சொந்தக்காரி
பிரான்சிலோ, பக்கத்து வளவிலோ,
இந்த மூன்று புள்ளிக்குள்
நின்றுகொண்டிருப்பாள்.

அன்றிரவே திருத்தினேன்.
'ஒற்றி என்பது, காசு திரும்பும்வரை மட்டும்'
என்று தொடங்கி.
வசனம் கொஞ்சம் நொண்டியது.
ஒரு கிழமைக்குள்
பெட்டி எங்களை இறக்கிவிட்டது.
பஞ்சு மறுபடி மேலே.

அக்காவிடம் சொன்னேன்.
'இருக்கட்டும்' என்றா,
ஏதோ ஒரு உறுதியின் மூன்றாம் பக்கத்தில்
விரலை வைத்தபடி.
'சவரிமுத்தருக்கு விளங்கப்படுத்தினனீரோ?'

படுத்தினேன்.
கல் பறிச்சாச்சாம்.