சுகாசன லேகியம்

முதலாளி உதுமான் லெப்பை சொல்லிவிட்டார்:
மாதம் நான்கு கடிதம் வேண்டும்,
நான்கிலும் மூலம்
வேரோடு போயிருக்க வேண்டும்.

பினாங்குக் கடைத்தெரு. மாடி அறை.
கீழே நிலாவாரை கொதிக்கும் அண்டா.
அந்த ஆவியில்
என் தாளுக்கே பேதியாகிவிடும் போலிருக்கும்.

பெயர்களை இப்படித்தான் எடுப்பேன்:
தண்ணீர்மலைக் கோயில் நன்கொடைப் பலகையில் முதல் பாதி,
மளிகைக்கடைப் பாக்கிச் சிட்டையில் மறுபாதி.
ஊருக்கு ரயில் அட்டவணை.
உத்தியோகம் மட்டும் என் தயவு.

தைப்பிங் கிராணியார் ஒருவர்
ஏழு வருடம் நின்றபடியே கணக்கெழுதினார்.
ஒரு டப்பி. உட்கார்ந்துவிட்டார்.
சுங்கை சிப்புட் கங்காணியார் சம்சாரத்துக்கு
நெஞ்சில் ஏறி நின்ற வாயு
இரண்டாம் வேளையிலேயே
வழி விசாரித்துக்கொண்டு வெளியேறியது.
'ஆசனவாய்' என்ற சொல்லை மட்டும் விலக்கிவிட்டேன்;
அச்சுக்கோர்க்கும் பையன் சிரித்துச் சிரித்து
பெட்டி எழுத்தையெல்லாம் கொட்டிவிடுகிறான்.

டப்பியின் மேல் ஒரு தலைப்பாகைக்காரர்,
நாற்காலியில் கால்மேல் கால் போட்டு.
யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத சிரிப்பு.
விலை ஒரு வெள்ளி இருபது காசு.
பத்தியம்: கருவாடு, கோழி, கள், கோபம்.

ஒரு செவ்வாய்க்கிழமை
ஃபெரிச் சாரலில் நனைந்த காக்கி உடுப்போடு
ஒருவர் படியேறி வந்தார்,
ஒரு படிக்கு ஒரு மூச்சு.
கையில் பத்திரிகைத் துண்டு,
மடித்த இடமெல்லாம் கிழிந்து.

"பூ. வைரப்பெருமாள்,
ரயில்வே கேட்டு கீப்பர், நிபோங் திபால்.
இது நான்தான்."

எனக்கு வியர்த்தது.

"இனிஷியல்கூடச் சரி" என்றார்.

கள்ளுக்கடையில் எழுந்து இடம் தருகிறார்களாம்.
பந்தியில் அவர் பாய்க்கு மட்டும்
யாரோ தலையணை போட்டார்களாம்.
கேட்டைத் திறக்கத் தாமதமானால்
லோரிக்காரன் தலையை நீட்டி,
"என்ன மாஸ்டர், உட்கார்ந்துட்டீங்களா?"

உட்காருங்கள் என்றேன்.
நின்றார்.
முக்காலியை இழுத்துப் போட்டேன்.
நின்றார்.
மன்னிப்புக் கேட்டேன்,
முதலாளி ஊரில் இல்லை என்று பொய் சொன்னேன்.
எதையும் காதில் வாங்காமல்
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கீழே அண்டாவைப் பார்த்தபடி நின்றார்.

அப்புறம், மெல்ல,
"யாருக்குமே தெரியாதே இது.
வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.
உங்களுக்கு யார் சொன்னது?"

டப்பிக்குள் என்னவென்று எனக்குத் தெரியும்.
நிலாவாரை, கடுக்காய், கருப்பட்டி,
மேலும் கொஞ்சம் கருப்பட்டி.
பெரியாஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்றும் தெரியும்.
சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை.
கடிதம் எழுதியே பழகிய கை.

இரண்டு டப்பி கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை.
அதை ஒரு நல்ல காரியம் என்று
அன்று ராத்திரி நினைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு கடிதம் வந்தது. பென்சில் எழுத்து.
அந்த மாடி ஏறிய முதல் நிஜக் கடிதம்.

'லேகியம் ஒரு மாதம் சாப்பிட்டேன்.
வயிறு கொஞ்சம் லேசு.
மற்றது மற்றபடியே.
ராத்திரி மெயிலுக்கு நின்றபடிதான் விளக்குக் காட்டுகிறேன்,
அதை எப்படியும் நின்றுதான் காட்ட வேண்டும்.
மறுபடி பேப்பரில் போடுவதாயிருந்தால்
கேட்டு கீப்பர் என்று வேண்டாம்.
ஸ்டேஷன் மாஸ்டர் என்று போடவும்.'

முதலாளி படித்தார்.
'மற்றது மற்றபடியே' மேல் ஒரு கோடு இழுத்தார்.
மீதியை அச்சுக்குக் கொடுத்தார்.

ஸ்டேஷன் மாஸ்டரை
கொட்டை எழுத்தில் கோர்க்கச் சொன்னது
நான்.